பெண்கள் அழைக்கும் நேரம்

"பார்த்தீங்களா அண்ணி, மறுபடியும் அவளேதான்!"

நாத்தனார் சிர்க்கா ரைலியின் விலாவில் இடித்தாள். ரைலி பார்க்காமலா இருப்பாள்? தம்பேரே நகரத்து மூத்தோர் நடன மண்டபத்தில் அவள் கண்ணுக்கு வேறெதுவும் தெரியவில்லை. விதவை டெல்லெர்வோ சிவப்பு கவுனில் வந்தாள், கையை நீட்டினாள், ரைலியின் கணவர் பென்ட்டியை எழுப்பிக்கொண்டு போனாள்.

பெண்கள் அழைக்கும் நேரம் அது. டாக்டர் பேச்சை மீறலாம், மனைவி பேச்சைத் தாராளமாக மீறலாம். ஆனால் அந்த அரைமணியில் ஒரு பெண் கை நீட்டியும் ஆட எழாத ஆண், அந்த மண்டபத்தில் அப்புறம் மனிதனே இல்லை.

"வாராவாரம் இதே கூத்து. பக்கவாதம் வந்து எழுந்த மனுஷன்! எங்க அண்ணனுக்கு வெட்கமே கிடையாது."

"என் முட்டி நல்லா இருந்தா நானே ஆடுவேன்," என்றாள் ரைலி, கைத்தடியை இறுக்கியபடி.

வந்தது லேசான பக்கவாதம்தான். இடது கால் கொஞ்சம் இழுத்தது. சில பெயர்கள் நழுவின. "ரத்த அழுத்தம் இறங்கணும், சிகரெட் நிக்கணும், உப்பு குறையணும், உடம்பு அசையணும். இன்னொண்ணு வந்தா ஞாபகமே போயிடலாம்," என்றார் டாக்டர். பென்ட்டி பணிவாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து உப்பு மீனைத் தின்றுவிட்டு சோபாவில் சாய்ந்தார். ரைலி கெஞ்சினாள், திட்டினாள். "நீ பொண்டாட்டியா, நர்ஸா?" என்றார்.

இப்போதோ? டெல்லெர்வோ மூக்கைச் சுளித்தாள், சிகரெட் போனது. "முகம் ஏன் ஊதியிருக்கு?" என்றாள், உப்பு மீன் போனது. "ஆடும்போது என் மேல மயங்கி விழுந்துடாதீங்க," என்றாள். மாத்திரை வேளை தவறாமல் உள்ளே போகிறது. மனைவிக்குக் கடைசிவரை வாய்க்காத கீழ்ப்படிதல்.

டாங்கோ நடனம் ஆரம்பித்தது. டெல்லெர்வோவின் கன்னம் பென்ட்டியின் கன்னத்தோடு. ரைலி குடிக்காத காபியைத் தட்டோடு தள்ளி வைத்தாள்.

"போய் நாலு வார்த்தை கேளுங்க அண்ணி! நீங்க கேக்கலேன்னா நான் கேப்பேன்."

ரைலி எழுந்தாள். பாட்டு முடிந்து டெல்லெர்வோ தண்ணீர் குடிக்க ஒதுங்கியபோது எதிரே போய் நின்றாள். பின்னாலேயே சிர்க்கா, முகத்தில் திருவிழா.

"கன்னத்தை ஒட்டச் சொன்னேனா நான்?" என்று கேட்டாள் ரைலி.

சிர்க்கா வாயைத் திறந்தாள். மூட மறந்தாள்.

டெல்லெர்வோ தலைகுனிந்தாள். "போதும் ரைலி. நீ கூப்பிடச் சொன்னே, கூப்பிட்டேன். நீ சொல்லிக் குடுத்ததையெல்லாம் அவர்கிட்ட சொன்னேன். ஆனா நீ இப்படி வேகறதைப் பார்க்க முடியலை. இன்னியோட நிறுத்திடறேன்."

ரைலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நிறுத்தாதே. நாளைக்கு என்னைப் பார்த்து 'நீங்க யாரு'ன்னு கேக்கற புருஷனைவிட, இன்னிக்கு உன்னைக் கட்டிக்கிட்டு ஆடற புருஷன் எவ்வளவோ தேவலை."