பிளாஸ்டர் முட்டை

அடைகாக்கும் பெட்டைப் புறா, பந்தயத்தில் பறந்தடித்துக்கொண்டு வீடு திரும்பும். பந்தயப் புறா வளர்க்கும் எத்திராஜுக்கு இது தெரியும். குஞ்சு பொரித்துவிட்டால் அந்த வேகம் போய்விடும் என்று, சாம்பல் பெட்டையின் முட்டைகளை எடுத்துவிட்டு ஒரு பிளாஸ்டர் முட்டையை வைத்தார். ஆண் புறா அதை ஒருமுறை கொத்திப் பார்த்தது. அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

பந்தயத்தன்று நல்ல மழை. வழியில் பருந்து வேறு துரத்தியிருக்கிறது. வால் இறகு பிய்ந்து கூண்டுக்குள் வந்து விழுந்த பெட்டை, தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராக முட்டையிடம் போனது.

முட்டைக்கு மனசு கேட்கவில்லை.

"அம்மா, நான் நிஜ முட்டை இல்ல. வெறும் பிளாஸ்டர். உங்கள வேகமா வரவைக்கத்தான் என்னை இங்க வச்சிருக்காங்க."

சொல்லிவிட்டு, வெளியே தள்ளிவிடுவாள் என்று காத்திருந்தது.

பெட்டை அதை அலகால் மெல்லப் புரட்டி வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டது.

"முதல் நாளே தெரியும்டா."

"தெரிஞ்சுமா இந்த மழையில இப்படிப் பறந்து வந்தீங்க?"

"நிஜ முட்டைன்னா கொஞ்ச நேரம் சூடு தாங்கும். நீ சட்டுனு சில்லிட்டுப் போயிடுவியே."