அப்பா யார் பக்கம்?

ஒரு நாட்டின் தலைவிதியை மக்கள் வாக்குச்சாவடியில்தான் எழுதுகிறார்கள். யென் குடும்பத்தின் வீட்டில் மட்டும் அதை எழுதும் பொறுப்பு, பிறை வடிவில் செதுக்கிய இரண்டு சிவப்பு மரக்கட்டைகளிடம் விடப்பட்டிருந்தது.

"அப்பா மறுபடியும் சிரிக்கிறாரு," என்றான் பெரியவன் ஆ-கியாட், தரையைப் பார்த்தபடி. அப்பா இறந்து மூன்று வருடமாகிறது.

வீசிய கட்டைகள் இரண்டும் தட்டையான வயிற்றைக் காட்டி விழுந்தால் இறந்தவர் சிரிக்கிறார். இரண்டும் வளைந்த முதுகைக் காட்டினால் 'இல்லை'. ஒன்று அப்படி ஒன்று இப்படி என்றால் 'ஆமாம்'. "வந்துட்டீங்களா அப்பா?" என்று கேட்டதற்கு முதல் வீச்சிலேயே 'ஆமாம்' விழுந்தது. அதற்கப்புறம் வெறும் சிரிப்புதான்.

மறுநாள் தைவானுக்கு ஜனாதிபதித் தேர்தல். போன தேர்தலில் மூண்ட சண்டையிலிருந்து அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. புத்தாண்டு விருந்துக்கு ஒருவன் வந்தால் மற்றவன் வருவதில்லை. இந்த வருடமாவது இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று அம்மா தவித்தாள். அப்பா எந்தப் பக்கமோ அதுவே வீட்டின் பக்கம் என்று இருவரும் ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம்.

ஆ-கியாட் குடிமையியல் வாத்தியார். அப்பாவின் பேர் பொறித்த மரப்பலகை இருக்கும் மாடத்துக்குக் கீழே அவன் ஒரு பெரிய தாளை ஒட்டியிருந்தான். இடப்பக்கம் ஒன்றாம் எண் வேட்பாளரின் கொள்கைகள், வலப்பக்கம் இரண்டாம் எண்ணுடையவை, நடுவே அடிக்கோல் வைத்துப் போட்ட கோடு.

சின்னவன் ஆ-ஹோங், வடக்கே சிப் கம்பெனியிலிருந்து ரயிலில் நின்றபடியே வந்து சேர்ந்தவன், அதை ஏற இறங்கப் பார்த்தான். "அம்மா, உன் பெரிய பிள்ளையைக் கேளு. எங்க ஆளு பக்கம் மட்டும் எழுத்து ஏன் எறும்பு மாதிரி இருக்கு?"

"சொல்றதுக்கு ஏதாவது இருந்தாத்தானே பெருசா எழுத முடியும்னு உன் சின்னப் பிள்ளைகிட்டச் சொல்லும்மா."

ஆ-கியாட் தொண்டையைச் செருமிக்கொண்டான். "அப்பா! கட்டாய ராணுவ சேவை. எங்க ஆளு ஒரு வருஷம் வேணும்கிறாரு. அவங்க ஆளு நாலு மாசம் போதும்கிறாரு. நீங்க எங்க பக்கம்தானே?"

கட்டைகள் உருண்டு நின்றன. சிரிப்பு.

அணு உலையை ஒருவர் மூடச் சொன்னார், மற்றவர் திறக்கச் சொன்னார். சிரிப்பு. கடலுக்கு அந்தக் கரையில் இருப்பவர்களிடம் ஒருவர் ஆயுதத்தைக் காட்டச் சொன்னார், மற்றவர் பேசிப் பார்க்கச் சொன்னார். அதற்கும் சிரிப்பு.

ஜன்னல்கள் சாத்தியிருந்தும் ஊதுபத்திப் புகை ஒரு பக்கமாக வளைந்தது. கீழே பூட்டிக் கிடக்கும் அப்பாவின் சலூனில் கத்தரி திறந்து மூடுகிற சத்தம் கேட்டது போலிருந்தது. ஆ-ஹோங்குக்குப் பின்கழுத்து சில்லிட்டது. முடி வெட்டி முடித்ததும் அப்பா ஈரத்துண்டால் துடைக்கிற இடம் அது.

"நேராக் கேக்கச் சொல்லும்மா," என்றான். "அப்பா உயிரோட இருந்தப்ப யாருக்கு ஓட்டுப் போட்டாருன்னு."

"அதை வேற கேக்கணுமா? எங்க கட்சியைப் பத்திப் பேசினா 'ரொம்பச் சரி, ரொம்பச் சரி'ன்னு தலையாட்டுவாரு."

"எங்க கட்சியைப் பத்திப் பேசினாலும் அதே தலையைத்தான் ஆட்டுவாரு!"

எந்தத் தேர்தலிலும் அப்பா வீட்டில் தங்கியதில்லை என்பது மட்டும் தெருவுக்கே தெரியும். டை கட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்புவார். பொழுது சாயும் நேரத்தில் ஒரு பை இறாலோடும் முழங்கை வரை நனைந்த சட்டையோடும் திரும்புவார். "சாவடியில ஒரே கூட்டம், வேர்த்துக் கொட்டிருச்சு" என்பார், ஜனவரிக் குளிரில். அன்றைக்கு வீட்டில் ஜனநாயகத்தின் பேரில் இறால் சுடுவார்கள்.

"அப்பா, உங்க ஓட்டு ஒண்ணாம் எண் கட்சிக்குத்தானே?" ஆ-கியாட் வீசினான். இரண்டு முதுகுகள். இல்லை.

ஆ-ஹோங் கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டான். "அப்ப எங்க கட்சிக்கு!" இல்லை.

"வேற எதாவது சின்னக் கட்சிக்கா?" இல்லை.

"சீட்டைக் கிறுக்கிச் செல்லாத ஓட்டாப் போட்டீங்களா?" இல்லை.

ஊதுபத்திச் சாம்பல் உதிராமல் நீண்டு தொங்கியது.

"அண்ணா..." போன தேர்தலுக்குப் பிறகு முதல் தடவையாக அந்த வார்த்தை ஆ-ஹோங் வாயில் வந்தது. "எதையாவது ஒண்ணைப் பெட்டியில போட்டிருக்கணுமே அண்ணா?"

ஆ-கியாட் வெளிறிப்போயிருந்தான். "இது அப்பா இல்லடா. ஏதோ நாதியத்த ஆவி. அப்பாவோட பலகையில புகுந்துக்கிட்டு, நாம படைக்கிறதை எல்லாம் தின்னுட்டு, நம்மளைப் பார்த்தே சிரிக்குது."

"இத்தனை நாளா அதையா கும்பிட்டோம்?"

"நாளைக்கே பூசாரியைக் கூட்டிட்டு வருவோம். பலகையை எரிச்சு இதை விரட்டிட்டுத்தான் மறு வேலை."

"நீ சொன்னாச் சரிண்ணா."

அண்ணன் தம்பியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். தம்பியும் விடவில்லை.

அம்மா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மாடத்திலிருந்து பலகையை எடுத்து, புடைத்த விரல்களால் தூசியைத் துடைத்து, யாரும் பறித்துவிடாதபடி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"விரட்டாதீங்கடா, இது உங்க அப்பாவேதான்," என்றாள். "அந்த மனுஷன் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்ல."