விரலுக்கு எட்டும் பிரேக்

பட்டறைக்கு வெளியே உச்சிவெயில் கொளுத்துகிறது. உள்ளே பின்சுவரோரம் பட்டப்பகலிலும் மங்கல். மெக்கானிக் பழைய பிரேக் லீவரைக் கழற்றித் துணிமேல் வைக்கிறார். போன மழைக்காலத்தில் இறந்துபோன அண்ணனின் வண்டியை, அருகில் நிற்கும் பெண் இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறாள். அண்ணனுக்கு நீள நீள விரல்கள். அவளுக்குப் பிரேக்கும் கிளட்ச்சும் எட்டவே மாட்டேன் என்கின்றன. அதற்காகத்தான் ஹேண்டிலிலிருந்து தூரத்தைக் கூட்டிக் குறைக்கிற இந்தப் புது லீவர்கள். கிளட்ச் பக்கம் முடிந்தாயிற்று. பிரேக் லீவரையும் மாட்டி, போல்ட்டை இறுக்கி, அதன் சின்னச் சக்கரத்தை டிக் டிக்கென்று திருகி ஹேண்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறார். சாவியைத் திருப்புகிறார். "இப்ப எட்டுதா பாருங்கம்மா." அவள் ஏறி உட்கார்ந்து இரண்டு விரலால் அழுத்துகிறாள். பின்விளக்கின் சிவப்பு சுவரில் விழுகிறது. "நல்லா எட்டுதுங்க." கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள்.

சிவப்பு அப்படியே நிற்கிறது. விளக்கின் சுவிட்ச் ஒட்டிக்கொண்டது போலும் என்று மெக்கானிக் குனிகிறார். லீவர் ஹேண்டிலோடு அழுந்திக் கிடக்கிறது. நெம்பிப் பார்க்கிறார், அசையவில்லை. யாரோ விடாப்பிடியாகப் பிடித்திருக்கிற கனம். அவர் வாய் திறப்பதற்குள் அவள் லீவரின் பக்கம் குனிகிறாள். வீட்டில் பலமுறை கெஞ்சி அலுத்த குரல். "இப்பவும் ஓட்ட விடமாட்டியாண்ணா? மெதுவாத்தான் போவேன். கைய எடு." ஒவ்வொரு விரலாக எடுப்பதுபோல லீவர் மெல்ல மெல்ல விலகுகிறது. சுவர் இருள்கிறது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்புகிறாள்.