ஒரு வரியில் வெண்ணிலா

‘இவளைக் கணவன் ஏன் பூட்டி வைக்கிறான்? அதைச் சொல்லாமல் இந்த வரி நிற்காது’ என்று மெயில் தட்டிவிட்டு ஷெர்வின் லேப்டாப்பை மூடினான். சேலையூரில் காலை எட்டு மணி. கேளம்பாக்கம் ஆபீஸுக்கு பைக்கில் ஒரு மணி நேரம் ஆகும்.

வெப் சீரிஸ் எடுக்கும் கம்பெனி அது. புதியவர்கள் அனுப்பும் லாக்லைன்களைப் படித்து, தேறுவதைத் திருத்தி மேலே அனுப்புவது அவன் வேலை. லாக்லைன் என்றால் முழுக் கதையும் ஒரே வரியில்: யார், அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, கிடைக்காவிட்டால் எது பறிபோகும்.

இந்த மாதம் வந்த நானூறில் அவனை நிறுத்தியது வெண்ணிலா என்ற பெண் அனுப்பியதுதான். ‘பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் ஒருத்தி வெளியே போக ஆசைப்படுகிறாள்.’ வரியாகப் பார்த்தால் அரைகுறை. ஆனால் கீழே சில விவரங்கள் எழுதியிருந்தாள். தெருவில் போகும் ஸ்கூல் வேன்களை ஹாரனை வைத்தே எது எதென்று அவள் சொல்லிவிடுவாளாம். காய்கறிக்காரரிடம் கிரில் கம்பி வழியாகக் கையை நீட்டி, புடலங்காயை மட்டும் வாங்குவாளாம். பூசணி உள்ளே வராதாம்.

புடலங்காயைப் படித்தபோது ஷெர்வினுக்கு என்னவோ செய்தது. இந்தப் பெண்ணின் வரியை எப்படியாவது தேற்றிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

தங்கை ஜெரூஷா டிபன் பாக்ஸோடு வந்து நின்றாள். அவளுக்கு முப்பது வயது. அப்பா அம்மா போனபிறகு அவளுக்கு அவனும் அவனுக்கு அவளும்தான். மூன்று வருஷம் முன்பு கேம்ப் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவள் வலிப்பு வந்து விழுந்தபோது, அவன்தான் அள்ளிக்கொண்டு ஓடினான். மருந்தால் இப்போது ரெண்டு வருஷமாய் வலிப்பு வரவில்லை. அவனுக்குத்தான் அந்த நாள் இன்னும் மனசைவிட்டுப் போகவில்லை. அவள் மாத்திரையை விழுங்கும்வரை நின்று பார்த்தான். பிறகு வெளிக்கதவைப் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினான்.

ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் வெண்ணிலாவின் பதில் வந்திருந்தது. அவர் கெட்டவர் இல்லை, பாசத்தால்தான் பூட்டுகிறார், ஞாயிற்றுக்கிழமை அவரே வெளியே கூட்டிப்போகிறார் என்று எழுதியிருந்தாள். ஷெர்வினுக்குச் சிரிப்பு வந்தது. பாசத்தால் பூட்டுகிறவனை யார் நம்புவார்கள்? சந்தேகப் புத்திக்காரக் கணவன் என்று மாற்றி அனுப்பினான். அடுத்த மெயிலில் ‘கணவன்’ என்ற சொல்லை அவள் நீக்கியிருந்தாள். அவன் திரும்பச் சேர்த்தான்.

இப்படியே பத்து நாள் ஓடியது. வெளியே போய் அவள் என்ன செய்யப்போகிறாள் என்று கேட்டான். சும்மா பீச் ஸ்டேஷன்வரை ரயிலில் போய்த் திரும்பி வருவாள் என்று பதில் வந்தது. அது போதாது, பெரிதாக ஒன்று வேண்டும், அதற்கு ஒரு கெடுவும் வேண்டும் என்றான். இரண்டு நாள் சத்தமே இல்லை. பிறகு வந்தது: மதுரையில் ஒரு பள்ளி ஆபீஸில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. தங்குவதற்கு ஹாஸ்டலும் உண்டு. திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும்.

ஷெர்வின் மேசையைத் தட்டினான். இதுதான் கதை.

வெள்ளிக்கிழமை கடைசியாக ஒரு சந்தேகம் கேட்டிருந்தாள். ‘அவள் போய்விட்டால் அவர் உடைந்துபோவார் சார். பரவாயில்லையா?’

அவன் யோசிக்கவே இல்லை. ‘அது அவன் பாடு. கதை அவளுடையது. பத்து நாளாக அவள் ஆசை மட்டுமே படுகிறாள், ஒன்றும் செய்யவில்லை. முதலில் அவளை எழுந்திருக்கச் சொல்லுங்கள்’ என்று எழுதி அனுப்பினான்.

சனிக்கிழமை மதியம் கதைப் பிரிவுக்குத் தலைவரான ஷ்யாம்சுந்தர் முன்னால் அந்த வரியைப் படித்தான். ‘சந்தேகக் கணவனால் மூன்று வருஷம் பூட்டிவைக்கப்பட்ட ஒருத்தி, திங்கட்கிழமைக்குள் மதுரை போய்ச் சேராவிட்டால் தன் வாழ்க்கையின் ஒரே வேலையை இழப்பாள்.’

ஷ்யாம்சுந்தர் இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். நன்றாக இருக்கிறது, ஆனால் முடிவு தெரியாமல் பணம் போடமுடியாது, போகிறாளா இல்லையா என்று எழுதியவரிடமே கேளுங்கள் என்றார். வெண்ணிலா ஃபோன் நம்பர் தந்ததில்லை. ‘முடிவு என்ன? உடனே சொல்லவும்’ என்று அங்கிருந்தே மெயில் போட்டான்.

இரண்டு நிமிடத்தில் அவன் செல்போன் அடித்தது. ஜெரூஷா. ஆபீஸ் நேரத்தில் அவள் கூப்பிட்டதே இல்லை. எழுந்து வராந்தாவுக்கு ஓடினான்.

“ஜெரூ, என்னாச்சும்மா? உடம்பு ஏதாவது பண்ணுதா? கீழ் வீட்டு ஆன்ட்டிகிட்ட இன்னொரு சாவி இருக்கு, குரல் கொடு, வந்து திறப்பாங்க.”

மறுபக்கம் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. யாரோ மைக்கில் எதையோ அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அது முடியும்வரை அவள் காத்திருந்தாள்.

“வெண்ணிலா பேசுறேண்ணா. தாம்பரம் ஸ்டேஷன்ல நிக்கிறேன், மதுரை வண்டி வந்துடுச்சு.”