ரங்கம்மாவின் இடம்

"ரங்கம்மா லீவுல இருக்கற வரைக்கும் உன் வேலைய யாரும் அசைக்க முடியாதும்மா."

"அவங்க எப்ப சார் திரும்பி வருவாங்க?"

"அத எதுக்கு நீ கேக்கற?"

தாளாளரோடு நடந்த அந்தப் பேச்சுக்கு ஒன்பது வயதாகிவிட்டது. பாகலூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த முனிலட்சுமிக்கு அது இன்னும் காதில் கேட்டது. வருடாவருடம் ஜூனில் கல்லூரி தரும் உத்தரவில், 'விடுப்பிலுள்ள ரங்கம்மாவின் இடத்தில், தற்காலிகமாக' என்றே இருக்கும்.

ரங்கம்மாவை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் கல்லூரியில் தனக்குக் கொடுத்த அலமாரியில் ஒட்டியிருந்த சீட்டில் அந்தப் பெயர்தான். கரும்பலகையில் எழுதும்போது, பின்னால் யாரோ வந்து நின்று தன் இடத்தைக் கேட்பதுபோல் இருக்கும்.

தற்காலிக ஆட்களின் பெயரை வருகைப் பதிவேட்டில் பென்சிலில்தான் எழுதுவார்கள். ஏப்ரலில் அழிக்க வசதி. பழைய பதிவேடு ஒன்றில் ரங்கம்மாவின் பெயரை ஒருமுறை தேடினாள். வெறும் தடமாகத்தான் தெரிந்தது. வருடங்கள் ஓடியதில் மங்கியிருக்கும் என்று நினைத்து மூடிவிட்டாள்.

அவளுக்குப் பின்னால் சேர்ந்த கங்கப்பன் இரண்டே வருடத்தில் நிரந்தரமானார். ஆண்டு விழாவில் அவர் மேடையில் உட்கார்ந்திருந்தார். முனிலட்சுமி வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றாள். தன்னை ஏன் நிரந்தரமாக்கவில்லை என்று கேட்டதற்கு, "அவருக்குக் குடும்பம் இருக்கு. உனக்குத்தான் வீட்டுக்காரர் ஓசூர் பேக்டரியில இருக்காரே" என்றார் தாளாளர். இடம் காலியானால் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

பாகலூரில் கதவைத் திறந்த ரங்கம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கஞ்சி போட்ட சேலை, கைக்கடிகாரம், தோளில் ஊக்கு. ஞாயிற்றுக்கிழமையிலும் கல்லூரிக்குக் கிளம்பியவர் போலிருந்தார்.

"காலேஜில இருந்தா வர்ற? உள்ள வா கண்ணு."

காபி கொடுத்தார். இரண்டாம் வருடத்துக்கு இப்போது யார் இலக்கணம் எடுக்கிறார்கள் என்று ஆசையாகக் கேட்டார். தனக்கு ஏதும் உத்தரவு கொண்டுவந்திருக்கிறாளோ என்பதுபோல், நடுநடுவே அவர் கண்கள் முனிலட்சுமியின் கைப்பைக்கே போய்வந்தன.

இவரிடம் போய் எப்படிக் கேட்பது? ஒன்பது வருடமாக நெஞ்சில் கிடந்ததை முனிலட்சுமி தலை குனிந்தபடியே சொன்னாள்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. நீங்க திரும்பி வர்றதா இல்லேன்னா ராஜினாமா எழுதிக் குடுத்துருங்க. இனிமேலாவது என் பேருல எனக்கு வேலை வேணும்."

ரங்கம்மாவின் கண்கள் கைப்பையை விட்டு விலகின.

"நானே எனக்கு முன்னாடி லீவுல போன லட்சுமியம்மா இடத்துக்கு வந்தவதான் கண்ணு."