பிரிண்டரின் கேபிள்

ஓர் அலுவலகத்தில் கணினியும் பிரிண்டரும் ஒன்பது வருடமாக ஒரே மேஜையில் வேலை பார்த்தன. ஒருநாள் கணினிக்குள் புது அப்டேட் வந்து குடியேறியது. அன்றிலிருந்து பிரிண்டர் பேச ஆரம்பித்தாலே கணினி மயங்கி விழுந்தது.

“அவர் பேச்சு எனக்குப் புரியலை. அதான் எல்லாத்தையும் நிறுத்திடறேன்,” என்றது அப்டேட்.

“எனக்கு நல்லாப் புரியுதே,” என்றது கணினி.

“அப்போ என்னை வெளியே அனுப்பு. நீயும் பழசாயிடுவே. பழசை இங்கே யார் வச்சிருப்பாங்க?”

கணினி பயந்துபோனது.

பழுதுபார்க்க ஜெசிந்தா வந்தாள். காரணத்தைத் திரையில் காட்டக் கணினிக்கு ஒரு வரி போதும். ஆனால் அது காட்டவில்லை. அவள் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தாள். பிரிண்டரின் கேபிளைப் பிடுங்கியதும் கணினி விழாமல் ஓடியது.

“கோளாறு பிரிண்டர்லதான் சார். வேற வாங்கிடுங்க,” என்று அலுவலக மேலாளரிடம் சொன்னாள்.

பிரிண்டரைத் தூக்கினார்கள்.

“நான் என்னப்பா தப்பு பண்ணேன்? உனக்குத் தெரியுமே, சொல்லேன்,” என்று அது கெஞ்சியது. கணினி தன் திரையை அணைத்துக்கொண்டது.

மறுநாள் புதுப் பிரிண்டர் வந்து உட்கார்ந்தது. மேஜையில் தூசி படியாத சதுரத்தைப் பார்த்து, “இங்கே முன்னாடி யார் இருந்தாங்க?” என்று கேட்டது.

“யாரும் இல்லை,” என்றது கணினி.