மணி அடிக்கும்வரை

"வெக்ஸ்போர்ட்டிலை பஸ் வாசலிலை நிக்குது. யூனியன்வில்லுக்கு வயசு போன ஆக்களை ஆர் கூட்டிக்கொண்டு போறது? மாத்த வேண்டாம்!"

மூன்றாவது வசனத்தோடு யூஜினியின் குரல் நின்றுவிட்டது. மைக்கைப் பிடித்தபடி நின்றாள், வாய் திறக்கவில்லை.

"போச்சு. போன வருசம் மாதிரியே," என்று முன்வரிசையில் ஒருவர் சிரித்தார்.

போன வருட ஊர்ச்சங்கக் கூட்டத்தில் பேச்சு மறந்து அவள் விழித்தபோது, தலைவர் பஸ்ரியன் மைக்கைப் பறித்துப் பகிடி விட்டார். அழுதுகொண்டு இறங்கியவள், அடுத்த வாரமே சண்டை பிடித்து ஒரு விதியை எழுத வைத்தாள். பேசுகிறவருக்குப் பத்து நிமிடம்; மணி அடிக்குமுன் யாரும் மைக்கைத் தொடக்கூடாது.

வெக்ஸ்போர்ட்டில் நடக்கும் முதியோரின் செவ்வாய்க்கிழமை ஒன்றுகூடலைத் தன் வீட்டுப் பக்கம், யூனியன்வில்லுக்கு மாற்றுவதென்று பஸ்ரியன் ஒற்றைக் காலில் நின்றார். இன்றைய கூட்டத்தையும் அதே பக்கம், மார்க்கம் நகரில்தான் வைத்தார். வெளியே பனி கொட்டியதில் வெக்ஸ்போர்ட்காரருக்குப் போட்ட இரண்டு வரிசைக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. யூஜினியின் இந்தக் கடைசிப் பேச்சு முடிந்தால் வாக்கெடுப்பு. அவருக்கு வேறென்ன வேண்டும்?

"மறந்து போச்சோ, தங்கச்சி? பரவாயில்லை, வந்து இருங்கோ. வோட்டை எடுப்பம்," என்றார் பஸ்ரியன்.

யூஜினி மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"அடியெடுத்துக் குடுமன், பிள்ளை," என்று பக்கத்திலிருந்தவர் அவளுடைய சிநேகிதி றெபேக்காவை இடித்தார். பேச்சை எழுதிய தாள் றெபேக்காவின் மடியில்தான் இருந்தது. அவளோ அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

ஐந்து நிமிடம். ஆறு. யாரோ கேலியாகக் கைதட்டினார்கள், ஒருவர் போனில் படம் பிடித்தார். எந்த நிமிடத்துக்குப் பயந்து ஒரு வருடம் நித்திரை இல்லாமல் கிடந்தாளோ, அந்த நிமிடத்தில்தான் யூஜினி நின்றாள். ஆனால் இறங்கவில்லை.

பஸ்ரியன் மைக்கை நோக்கி எழும்பினார். "உவ என்ன, சிலையோ?"

"பத்து நிமிஷம் ஆகேல்லை, அங்கிள்," என்றாள் நேரம் பார்த்து மணி அடிக்கும் நிலக்சி. "ரூல்ஸிலை உங்கட சைன்தான் இருக்கு."

ஒன்பதாவது நிமிடம் கதவு திறந்தது. சப்பாத்துப் பனியைத் தட்டியபடி, ஊன்றுதடிகளோடு வெக்ஸ்போர்ட் முதியவர்கள் இருபத்திரண்டு பேர் உள்ளே வந்தார்கள். "மினிபஸ் பனிக்குள்ளை இறுகிப் போச்சு," என்று மூச்சு வாங்கினான் ஓட்டிவந்த றூபன். கதிரைகள் நிறைந்தன.

யூஜினி மைக்கை வாயருகே கொண்டுபோனாள். குரலில் நடுக்கமே இல்லை.

"ஒண்டும் மறக்கேல்லை, பஸ்ரியன் அண்ணை. என்ர பேச்சே அந்த மூண்டு வசனந்தான், இனி வோட்டை எடுங்கோ!"